சாம்பல் ஆறிய பின்னர் எழுதப்படும் சட்டங்கள்

டிசம்பர் 26 என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது கடல். அமெரிக்காவின் சட்ட வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அதே நாள் ஒரு தீயை நினைவூட்டும். 1802ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் துறைமுக நகரான போர்ட்ஸ்மத்தில் மூண்ட பெருந்தீ அந்நகரின் வணிகப் பகுதியை அழித்தது. சில வாரங்களுக்குள், 1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவென அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அனர்த்த நிவாரணத்துக்காக அந்நாட்டு மத்திய அரசு இயற்றிய முதலாவது சட்டம் இதுவே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

அச்சட்டம் கொடுத்தது என்ன? இறக்குமதி வணிகர்கள் சுங்கத் தீர்வைக்காக அரசுக்கு எழுதிக்கொடுத்திருந்த பிணைமுறிகளின் தவணையை அது நீடித்தது. அவ்வளவுதான். வீடிழந்த தச்சனுக்கோ, தறியிழந்த நெசவாளனுக்கோ அதில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு வணிகன் மட்டுமே தெரிந்தான்.

அந்தச் சிறு சட்டத்தில் இருந்த இரு குறைகள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் தீச்சட்டங்களைத் தொடர்ந்து வந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஒன்று, தீ அணைந்த பின்னரே சட்டம் பிறக்கிறது. மற்றையது, பாதிக்கப்பட்டவர் யார் என்பதைச் சட்டம் தனக்கு வசதியான அளவுகோலால் அளக்கிறது. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாடு இவ்விரண்டிலிருந்தும் விடுபட எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதைப் பார்ப்பது, அனர்த்தங்களோடு வாழும் நமக்கும் பயன்தரும்.

தந்தி இல்லாத ஊர்

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி சிக்காகோ நகரம் எரிந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அந்தச் செய்தி தந்திவழி உலகெங்கும் பரவியது. அதே இரவு, அங்கிருந்து வடக்கே விஸ்கொன்சின் மாநிலத்தின் காடுகளில் பெஷ்டிகோ என்ற மரம் அரியும் ஊர் அடியோடு அழிந்தது. அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் இறந்தோர் 1,200இலிருந்து 2,500 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பத்து இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் எரிந்தது. அமெரிக்க வரலாற்றில் மிக அதிகமான உயிர்களைக் கொண்ட காட்டுத்தீ இதுவே. ஆயினும் தந்திக் கம்பிகள் எரிந்துபோனமையால் செய்தி வெளியே வர நாட்கள் சென்றன.

விஸ்கொன்சின் ஆளுநர் லூசியஸ் பெயர்சைல்ட் சிக்காகோ மக்களுக்கு உதவி வழங்க அங்கே சென்றிருந்தார். பெஷ்டிகோவிலிருந்து தகவல் தலைநகரை எட்டியபோது முடிவெடுக்க உயரதிகாரிகள் எவரும் அங்கில்லை. ஆளுநரின் இளம் மனைவி பிரான்சஸ், சிக்காகோவுக்கென நிவாரணப் பொருட்கள் ஏற்றப்பட்டிருந்த ரயில் பெட்டியைத் தாமே பொறுப்பேற்று வடக்கே திருப்பி அனுப்பினார். குளிருக்குப் போர்வைகள் இல்லையென அறிந்து நகரப் பெண்களிடம் சேகரித்து அவற்றையும் ஏற்றுவித்தார். எந்தச் சட்டமும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவில்லை. அவருடைய மனச்சாட்சியே அன்று அரசாங்கமாக இருந்தது. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது என்ற பாடத்தை அன்றே கற்றிருக்கலாம். கற்கவில்லை.

வெற்றுக் காசோலை

காட்டைக் காக்கும் பொறுப்பு மத்திய அரசுக்கு வந்தது பின்னர்தான். 1905இல் அமெரிக்க வனசேவை உருவானது. 1908இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. தீ மூண்ட அவசர வேளையில் ஒதுக்கப்பட்ட தொகைக்கு மேலாகவும் வனசேவை செலவு செய்யலாம், கணக்கைக் காங்கிரஸ் பின்னர் தீர்க்கும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். எரியும் காட்டின் முன்னே நின்றுகொண்டு பணம் இருக்கிறதா என்று எவரும் எண்ணிப்பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சலுகை அணைப்பதற்கு மட்டுமே இருந்தது. சருகு அகற்றுவதற்கும், பாதை வெட்டுவதற்கும், ஊர்களைத் தயார்படுத்துவதற்கும் ஆண்டுதோறும் காங்கிரஸிடம் கையேந்த வேண்டும். அணைக்கும் கைக்கு வெற்றுக் காசோலை, தடுக்கும் கைக்கு எண்ணிக் கொடுக்கும் சில்லறை என்றாகிவிட்டது. பின்னாளில் விளைந்த கேடுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20, 21ஆம் திகதிகளில் சூறைக்காற்றில் சிக்கிய தீ, ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் முப்பது இலட்சம் ஏக்கர் காட்டை விழுங்கியது. தீயணைக்கச் சென்றவர்களில் மாத்திரம் 78 பேர் மாண்டனர். கூலிக்கு வந்த குடியேற்றத் தொழிலாளர்கள் பலர் அவர்களுள் அடங்குவர். எட் புலாஸ்கி என்ற வனக்காப்பாளர் தம்முடன் இருந்த நாற்பதுக்கும் அதிகமானோரைக் கைவிடப்பட்ட சுரங்கமொன்றுக்குள் அழைத்துச்சென்று, வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து, அவர்களுள் பெரும்பாலானோரின் உயிரைக் காத்தார். தீக்காயங்களும் பார்வைக் குறைபாடும் அவரை ஆயுள் முழுவதும் வருத்தின. கிடங்கு வெட்டவும் மரம் தறிக்கவும் ஒருங்கே உதவும் அவருடைய கருவி இன்றும் 'புலாஸ்கி' என்ற பெயரோடு அமெரிக்கத் தீயணைப்பாளர்களின் கையில் இருக்கிறது.

இந்தத் தீயின் சூடு ஆறுமுன்னர், பல ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த சட்டமூலம் ஒன்று நிறைவேறியது. 1911 மார்ச் 1ஆம் திகதி ஜனாதிபதி டாஃப்ட் கையொப்பமிட்ட வீக்ஸ் சட்டம் அது. கிழக்குப் பகுதிக் காடுகளை அரசு விலைக்கு வாங்க வழிசெய்த இச்சட்டம், தீத்தடுப்புக்காக மாநிலங்களுக்கு 200,000 டொலரையும் ஒதுக்கியது. மாநிலமும் தன் பங்குக்குச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. படகு செல்லக்கூடிய ஆறுகளின் நீரேந்து பகுதிகளுக்கே அப்பணம் உரியது. மத்திய அரசும் மாநிலங்களும் கைகோத்துத் தீயை எதிர்கொள்ளும் முறை இதிலிருந்தே தொடங்கியது எனலாம். 1924ஆம் ஆண்டின் கிளார்க் - மக்நாரி சட்டம் அதனை விரிவுபடுத்தியது.

காலை பத்து மணி

1910இன் தீயை நேரில் கண்டவர்களுள் பெர்டினண்ட் சில்கொக்ஸ் ஒருவர். அவர் வனசேவையின் தலைவராக இருந்த 1935இல் ஒரு கட்டளை பிறந்தது. எந்தக் காட்டுத்தீயாயினும், அது பற்றி அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னர் கட்டுக்குள் கொண்டுவரப்பட வேண்டும். அன்று முடியாவிடின் அடுத்த நாள் காலை பத்து மணி. இந்தக் கொள்கை 1970களில்தான் கைவிடப்பட்டது.

எல்லாத் தீயும் பகை என்ற எண்ணம் அதற்கு முன்னரே சட்டத்தில் இடம்பிடித்திருந்தது. மேற்குப் பகுதியின் ஆதிக்குடிகள் பருவமறிந்து சிறு தீ மூட்டிப் புல்லையும் சருகையும் எரித்து வந்தவர்கள். சிறு தீ பெருந்தீயைத் தடுக்கும் என்பது அவர்களின் அனுபவ அறிவு. 1850இல் கலிபோர்னியா இயற்றிய சட்டமொன்று, புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆதிக்குடிகளைக் 'காப்பதற்கான' சட்டம் என்பது அதன் பெயரில் இருந்த முரண்.

அணைப்பதில் கிடைத்த வெற்றியே நாளடைவில் தோல்விக்கு விதையாயிற்று. எரியாமல் விடப்பட்ட காடுகளில் ஆண்டுக்கு ஆண்டு சருகும் சுள்ளியும் இளமரங்களும் அடர்ந்தன. பின்னர் வெப்பம் கூடியது, வறட்சி நீண்டது. காட்டு விளிம்புகளில் புதிய வீடுகள் எழுந்தன. சேர்ந்திருந்த விறகு ஒரு பொறிக்காகக் காத்திருந்தது.

வெள்ளத்துக்குத் தைத்த சட்டை

அனர்த்த நிவாரணச் சட்டம் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1803க்குப் பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம், ஒவ்வோர் அனர்த்தத்துக்கும் காங்கிரஸ் தனித்தனியாகச் சட்டம் இயற்றிவந்தது. 1950இல்தான் நிரந்தரமான பொதுச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஓர் அனர்த்தத்தைப் பிரகடனம் செய்தால் மத்திய அரசின் உதவி செல்லும் என்ற முறை அப்போது நிலைபெற்றது. 1979இல் ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில் 'பெமா' எனப்படும் மத்திய அவசரகால முகாமைத்துவ நிறுவனம் உருவானது. 1988இல் ஸ்டஃபர்ட் சட்டம் வந்தது. இன்றுவரை அதுவே அடித்தளம்.

இந்தச் சட்டங்களை வரைந்தவர்களின் மனக்கண்ணில் இருந்தவை பெரும்பாலும் வெள்ளமும் சூறாவளியும். சூறாவளி வருமுன்னர் நாட்கணக்கில் அறிவிப்புக் கிடைக்கும். வெள்ளம் வடிந்தால் சேறு படிந்த வீட்டைக் கழுவித் திருத்தலாம். காட்டுத்தீயோ மணிக்கணக்கில் வந்து சேரும். அது போன இடத்தில் திருத்துவதற்கு வீடு மிஞ்சாது, அடுத்த மழைக்கு எரிந்த மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கும். வெள்ளத்துக்குத் தைத்த சட்டையைத் தீக்கு மாட்டிவிட்டார்கள்.

ஓர் உதாரணம் போதும். 2000ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காட்டுத்தீயை அணைக்க மாநிலம் செலவிடும் தொகையில் 75 வீதத்தைப் பெமா ஏற்கும் உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. ஆனால் அடுத்த அனர்த்தத்தைத் தணிப்பதற்கான நிதி, 'பெரும் அனர்த்தம்' என ஜனாதிபதி பிரகடனம் செய்தால் மட்டுமே பொதுவாகக் கிடைத்தது. தீ அணைப்பு உதவி பெற்ற மாநிலங்களுக்கும் தணிப்பு நிதி உண்டு என்ற நிலையான விதி 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அணைப்பதற்குக் கொடுத்த கை, மறுபடி எரியாமல் காப்பதற்குக் கொடுக்கப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

கடன் வாங்கிய தீ

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் தொகுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் தீ என்ற செய்தி ஆண்டு தவறாமல் வரும். எரிந்த ஏக்கர், இறந்தோர் தொகை, விமானம் தண்ணீர் கொட்டும் படம் என்று மூன்று பத்தியில் முடித்துவிடுவோம். அந்த விமானத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. செய்தியின் வேர் அங்கேதான் இருந்தது.

1995இல் வனசேவையின் வரவுசெலவுத் திட்டத்தில் 16 வீதம் தீக்குச் செலவானது. 2015இல் அது பாதியைத் தாண்டியது. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும், காட்டைச் சீராக்குவதற்கும் சருகு அகற்றுவதற்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துத் தீயணைப்புக்குச் செலவிட்டார்கள். தடுப்புப் பணி நின்றது. தடுப்பு நின்றதனால் அடுத்த தீ பெரிதானது. பெரிய தீ இன்னும் அதிகமான பணத்தை விழுங்கியது. விதைநெல்லை அவித்துத் தின்ற கதை.

2003 ஒக்டோபரில் தென் கலிபோர்னியா எரிந்துகொண்டிருந்தபோதே செனற் சபை காடுகளைச் சீராக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்டார். ஒவ்வோர் ஊரும் தனக்கான தீப்பாதுகாப்புத் திட்டத்தைத் தானே வரையலாம் என்ற நல்ல ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் பணத்தின் கதை மாறவில்லை. 2009இல் தீக்கெனத் தனி இருப்பு நிதியை உருவாக்கிய சட்டமும் நிலைமையைத் திருத்தவில்லை. 2017இல் வனசேவை அணைப்புக்கு மாத்திரம் 2.4 பில்லியன் டொலருக்கும் அதிகமாகச் செலவிட்ட பின்னர்தான், 2018 மார்ச்சில் காங்கிரஸ் வழியொன்று கண்டது. 2020ஆம் நிதியாண்டு முதல் தீயணைப்புக்கென ஆண்டுக்கு 2.25 பில்லியனில் தொடங்கி 2027இல் 2.95 பில்லியனாக உயரும் தனி நிதி ஒதுக்கப்பட்டது. 1908இல் விழுந்த முடிச்சு நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஓரளவு அவிழ்ந்தது.

அதே ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி கலிபோர்னியாவின் பரடைஸ் நகரம் எரிந்தது. 85 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் முதியவர்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்நகரிடம் வெளியேற்றத் திட்டம் இருந்தது. பகுதி பகுதியாக மக்களை அனுப்புவதற்கு வரைந்த திட்டம் அது. முழு நகரும் ஒரே காலையில் ஓட நேரிடும் என அத்திட்டம் எண்ணியிருக்கவில்லை. முன்னாயத்தம் என்பது கோப்பில் உள்ள காகிதம் அன்று, வீதியின் அகலமும் ஆகும் என்பதை அந்த ஊர் உலகுக்குக் காட்டியது.

யார் பாதிக்கப்பட்டவர்?

இனி இரண்டாவது குறைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் மூண்ட தீ 340,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அம்மாநில வரலாற்றில் மிகப் பெரிய தீ அது. மூட்டியது யார் தெரியுமா? வனசேவையே. பெருந்தீயைத் தடுப்பதற்கெனத் திட்டமிட்டு மூட்டிய சிறு தீக்கள் கைமீறிப்போயின. 2000ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் லொஸ் அலமோஸ் நகரில் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வீடற்றவர்களாக்கிய தீயும் இவ்வாறே, தேசியப் பூங்காச் சேவை மூட்டியதாகும். அப்போதும் நட்டஈட்டுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. 2022 செப்டெம்பரிலும் தனிச்சட்டம் வந்தது. ஆண்டு முடியுமுன்னர் ஒதுக்கீடு 3.95 பில்லியன் டொலரை எட்டியது.

பணம் இருந்தது. பணத்துக்கும் மக்களுக்கும் இடையே காகிதம் நின்றது. மோரா, சான் மிகுவேல் மாவட்டங்களின் மலைக்கிராமங்களில் நிலம் தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லில் கைமாறியது. உறுதி பாட்டனின் பெயரில் இருக்கும். பலரிடம் காப்புறுதியும் இல்லை. இவ்வாறான மரபுவழிக் காணிகளுக்கு உரிமையாளரே எழுதித்தரும் உறுதிமொழியை ஏற்கலாம் எனப் பெமா 2021இல் தன் விதியைத் தளர்த்தியிருந்தது. ஆயினும் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகள் அக்கிராமங்களிலிருந்து தொடர்ந்து எழுந்தன. 1803இல் சுங்கப் பிணைமுறி வைத்திருந்தவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார். 2022இல் காணி உறுதி வைத்திருந்தவர் தெரிந்தார்.

இதைக் காங்கிரஸ் அறியாமல் இல்லை. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமாகிய ஒரு திருத்தம் ஸ்டஃபர்ட் சட்டத்தைத் தீக்கு ஏற்றவாறு சற்று மாற்றியது. கடும் வெப்பமும் வறண்ட காற்றும் சேரும்போது வானிலை அவதான நிலையம் விடுக்கும் 'செங்கொடி' எச்சரிக்கையின்போதே, சூறாவளிக்குச் செய்வதுபோல் ஆளையும் பொருளையும் முன்கூட்டியே நிறுத்திவைக்க அது வழிகாட்டியது. ஆதிக்குடி மக்களின் வாழ்முறைக்கு ஏற்ற தற்காலிக வீடுகளைப் பற்றியும் பேசியது. 2021ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டம் ஊர்களின் தற்காப்புக்கு ஐந்தாண்டுகளில் ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கியது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு 2023 செப்டெம்பரில் 148 பரிந்துரைகளை முன்வைத்தது.

அந்த அறிக்கை வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் மாண்டிருந்தனர். 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஓரங்கள் எரிந்து 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீ முற்றாக அணையுமுன்னரே பிரதிநிதிகள் சபை மற்றொரு வனச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில், அனர்த்தங்களுக்கு முன்னரே ஊர்களைப் பலப்படுத்தும் நிதித்திட்டத்தை நிறுத்துவதாகப் பெமா அறிவித்தது. மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. ஒரு கை எழுதுவதை மறு கை அழிக்கும் காட்சி இது.

வாக்காளரின் பங்கு

அரசியல்வாதிகளை மாத்திரம் குறைசொல்வது எளிது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையைக் கூறுகிறது. நிவாரணம் வழங்கும் ஆட்சிக்கு வாக்காளர்கள் வெகுமதி அளிக்கின்றனர். முன்னாயத்தத்துக்குச் செலவிடும் ஆட்சிக்கு அளிப்பதில்லை. முன்னாயத்தத்துக்குச் செலவிடும் ஒரு டொலர் பிற்காலத்தில் ஏறத்தாழ 15 டொலர் இழப்பைத் தவிர்க்கும் எனவும் அவர்கள் கணித்தனர். நிகழாமற் போன அனர்த்தத்துக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. தலைப்புச் செய்தி போடுவதற்கும் அதில் எதுவும் இல்லை. பத்திரிகையாளர்களாகிய நமக்கும் இப்பழியில் பங்குண்டு.

நம் நாட்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். சுனாமி வந்து சில மாதங்களின் பின்னர், 2005 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோன பின்னர் வந்த சட்டம். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் அலையில் இழந்தவர்கள், தாம் யார் என்று நிரூபிக்க அலுவலக வாசல்களில் வரிசையில் நின்றதை நேரிற் கண்டவர்கள் நம்மிடையே பலர். மோராக் கிராமத்தவரின் கதையை விளங்கிக்கொள்ள நமக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

ஒரு சட்டமூலம் மேசைக்கு வரும்போது இரண்டே கேள்விகளை நாம் கேட்டால் போதும். இந்தப் பணம் தீக்கு முன்னர் செல்கிறதா, பின்னர் செல்கிறதா? கையில் காகிதம் எதுவும் மிஞ்சாத மனிதனை இச்சட்டம் பார்க்கிறதா? போர்ட்ஸ்மத்தின் தச்சனுக்காக 1803இல் எவரும் இதைக் கேட்கவில்லை.